விசில் ஊதும் வரை

அந்தப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பிள்ளைகளுக்கு அவர் விசில் டீச்சர். சக ஆசிரியர்கள் முகத்துக்கு நேரே மரியாதையாக ‘மிஸ்’ என்பார்கள். தலை மறைந்ததும் அவர்களுக்கும் விசில்தான். அவர் அதற்கெல்லாம் அலட்டிக்கொண்டதில்லை. கழுத்தில் கறுப்புக் கயிறு, கயிற்றின் நுனியில் பளபளவென்று ஒரு எஃகு விசில். அது இல்லாமல் அவரைப் பார்த்தவர் வீட்டுக்காரர் ஒருவர்தான், அவரும் எப்போதாவதுதான்.

அந்த விசிலுக்குத் தனி பாஷை உண்டு. குட்டியாக ஒன்று ஊதினால் நில். இரண்டு ஊதினால் கிளம்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஊதினால் பள்ளிக்கூடம் மொத்தமும் இருந்த இடத்தை விட்டு மைதானத்துக்கு ஓடி வர வேண்டும். தீப்பிடித்தால் எப்படித் தப்பிப்பது என்பதற்காக ஆரம்பித்த பயிற்சி அது. தீ ஒரு நாளும் பிடிக்கவில்லை. ஆனால் நீள விசில் கேட்டால் பாடத்தைப் போட்டது போட்டபடி வெளியே ஓடலாம் என்கிற சந்தோஷம் மட்டும் பிள்ளைகளுக்கு எலும்பு வரைக்கும் ஊறிவிட்டது.

கல்யாணமான புதிதில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தவர். சொந்தமாகப் பிள்ளை இல்லை. அந்தக் குறை அவருக்கு உண்டு. ஆனால் மைதானத்தில் கால் வைத்தால் அது நினைவுக்கு வராது. இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் ‘டீச்சர் டீச்சர்’ என்று பிய்த்துப் பிடுங்கினால் எந்தக் குறைதான் நினைவுக்கு வரும்?

இப்படி நிம்மதியாக ஊதிக்கொண்டிருந்தவரின் பிழைப்பில் மண்ணைப் போட்டது கணக்குப் பாடம். கணக்குக்கு நேரம் போதவில்லை என்று பெற்றோர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். எங்கிருந்து நேரத்தை எடுப்பது? எப்போதும் எடுக்கிற இடத்திலிருந்துதான். முதலில் ஒரு விளையாட்டு வகுப்பு போயிற்று, பிறகு இன்னொன்று. ஒரு நாள் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

“உட்காருங்க மிஸ். இனிமே விளையாட்டு பீரியடே கிடையாது. மேல இருந்து சொல்லிட்டாங்க.”

விசில் டீச்சர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது.

“அப்ப நான், மேடம்?”

“அதைத்தான் யோசிச்சேன். நம்ம கம்ப்யூட்டர் சார் வேற வேலை கிடைச்சுதுன்னு போயிட்டாரு. குடிச்ச டீயைக் கூட முடிக்கல. அந்தப் பாடத்துக்கு ஆள் இல்ல. நீங்க எடுக்கறீங்களா?”

“மேடம், எனக்கு அதை ஆன் பண்ணவே தெரியாதே!”

“ஆன் பண்ண வேண்டாம்,” என்றார் தலைமையாசிரியை அவசரமாக. “அதுதான் எல்லாருக்கும் நல்லது.”

விஷயம் என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறை என்று ஒன்று இருந்தது. ஜன்னலில் எக்கிப் பார்த்தால் மேசை மேசையாகக் கம்ப்யூட்டர்கள் தெரியும். சரியாகச் சொன்னால் அவற்றின் உறைகள் தெரியும். தலைமையாசிரியை தன் வீட்டுப் பழைய திரைச்சீலையை வெட்டி, தன் கையாலேயே தைத்துப் போட்ட பூப்போட்ட உறைகள். தூசி பட்டால் கெட்டுவிடும், பிள்ளைகள் கை பட்டால் அதைவிடச் சீக்கிரம் கெட்டுவிடும், கெட்டால் வாங்கித் தர நாதியில்லை என்பது அவர் கட்சி. அந்த அறைச் சாவி அவர் மேசை டிராயர் சாவியோடு ஒரே கொத்தில் அவர் கைப்பையில் தூங்கியது. முன்பிருந்த கம்ப்யூட்டர் சார் கரும்பலகையில் எழுதிப் போடுவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், பரீட்சையில் அதையே திரும்ப எழுதுவார்கள். எழுதியது எதற்கு என்று கேட்ட பிள்ளையும் இல்லை, சொன்ன ஆளும் இல்லை.

“வருஷக் கடைசியில அதிகாரி வருவாரு மிஸ். உங்க வகுப்பைப் பார்ப்பாரு. அவருக்குத் திருப்தின்னா நீங்க இங்கயே இருக்கலாம். இல்லைன்னா என் கையில ஒண்ணும் இல்ல,” என்று முடித்தார் தலைமையாசிரியை. கெட்ட மனுஷி இல்லை. பயந்த மனுஷி. இரண்டில் எது பரவாயில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு விசில் டீச்சர் வீட்டுக்கு வந்தார். முதல் பாடத்தைப் பிரித்தார். கண் புத்தகத்தில் இருந்தது, புத்தி எங்கேயோ மேய்ந்தது. எதிரே வீட்டுக்காரர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பஸ் டிரைவர். கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நிறுத்தி, இரண்டு விசில் அடித்தால் எடுத்து, அந்தப் பழக்கம் ரத்தத்தில் கலந்துபோன மனிதர். தெருவில் ஐஸ்காரன் ஊதினால்கூட அவர் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடும்.

“என்ன போட்டிருக்கு அதுல?” என்றார்.

“கம்ப்யூட்டருக்குச் சொந்த புத்தி கிடையாதாம். நாம ஒண்ணொண்ணா சொல்லணுமாம். சொன்னதை மட்டும் அப்படியே செய்யுமாம்.”

“அட, என்னை மாதிரி!”

“உங்களை மாதிரியா? எங்க பார்ப்போம். எழுந்திருங்க. சமையல் ரூமுக்குப் போங்க. சொம்பை எடுங்க. இங்க கொண்டு வாங்க. தாகமா இருக்கு.”

போனார். வந்தார். சொம்பைக் கொடுத்தார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“தண்ணி எங்க?”

“தண்ணின்னு நீ சொல்லவே இல்லையேம்மா.”

கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு சந்தர்ப்பத்துக்காகவே காத்திருந்தவர் போல அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். டீச்சருக்கு ரோஷம் வந்துவிட்டது. திரும்ப அனுப்பினார். குழாயைத் திறங்க, சொம்பை அடியில வைங்க, தண்ணி பிடிங்க. உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து ஓடிப் பார்த்தால் சொம்பு நிரம்பி வழிகிறது, இவர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்.

“குழாயை மூடுங்க! கண்ணு தெரியலையா?”

“நீ எப்ப மூடணும்னு சொல்லலையே. எங்க கண்டக்டரைப் பாரு. கிளம்புன்னா அதுக்கு ரெண்டு விசில், நில்லுன்னா அதுக்கு ஒரு விசில் வச்சிருக்கான். நிறுத்தறது எப்பன்னு சொல்லாம யாரையும் ஒண்ணு பண்ணச் சொல்லாத.”

ஈரத் தரையில் நின்றபடியே டீச்சருக்குப் பொறி தட்டியது. இது டிரில்! இத்தனை வருஷமாகத் தான் மைதானத்தில் கத்திக்கொண்டிருப்பதும் இதைத்தானே? இடப்பக்கம் திரும்பு, நாலடி நட, பந்து உன்னிடம் வந்தால் எறி, வராவிட்டால் நில், விசில் ஊதும் வரை சுற்று. புத்தகத்தை மறுபடி பிரித்தார். இந்தத் தடவை ஒவ்வொரு பக்கத்திலும் மைதானம் தெரிந்தது. புரியாத இடங்களும் இருக்கத்தான் இருந்தன. அவற்றைப் பென்சிலால் வட்டம் போட்டு, ஊருக்கெல்லாம் போன் போட்டு, கம்ப்யூட்டர் படித்த தங்கை மகளை உயிரை எடுத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் வகுப்பு மைதானத்துக்கு வந்தது. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டார். ஒரு பிள்ளை கம்ப்யூட்டர், ஒரு பிள்ளை கட்டளை எழுதுகிற ஆள். நுழைவாசலில் இருந்து வேப்பமரம் வரை கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசக் கூடாது. முதல் நாள் கம்ப்யூட்டர்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஒன்று சுவரில் முட்டிக்கொண்டு அங்கேயே நடந்துகொண்டிருந்தது. ஒன்று குழாயடிச் சேற்றில் ஒரு காலை விட்டுவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தது. ‘திரும்பு’ என்று எழுதியவன் எந்தப் பக்கம் என்று எழுதாததால் ஒன்று சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்து விழுந்தது.

“கம்ப்யூட்டருக்குப் பாவம் பார்க்கத் தெரியாது,” என்று டீச்சர் முழங்கினார். “கெஞ்சினா கேக்காது. மிரட்டினா கேக்காது. அதுக்கு நானும் ஒண்ணுதான், ஹெச்.எம். மேடமும் ஒண்ணுதான். எழுதியிருக்கிறதை மட்டும்தான் கேக்கும். புரியுதா?”

“புரியுது டீச்சர்!”

புரிந்தது என்று சும்மா சொல்லவில்லை, பாவிகளுக்கு நிஜமாகவே புரிந்துவிட்டது. அதனுடைய பலனைப் பின்னால் பார்க்கப்போகிறோம்.

அடுத்து ஒரு சிக்கல் வந்தது. எழுதியது தப்பாகப் போனால் பிள்ளைகள் அழுதார்கள், அல்லது கம்ப்யூட்டராக நின்ற பிள்ளையை அடித்தார்கள். டீச்சர் யோசித்து ஒரு சட்டம் போட்டார். யார் தப்பைக் கண்டுபிடிக்கிறார்களோ அவர்கள் விசிலை ஒரு தடவை ஊதலாம். யார் செய்த தப்பு என்பது முக்கியமில்லை. தன் தப்பைத் தானே கண்டுபிடித்தாலும் ஊதலாம். ஊதியதும் குழாயில் கழுவித் திருப்பித் தர வேண்டும்.

எஃகு விசில்! டீச்சரின் விசில்! அதுவரை யாரும் தொட்டுக்கூடப் பார்க்காத விசில்! பிள்ளைகள் தப்பு வேட்டையில் இறங்கினார்கள். யாரும் அழவில்லை. “நான் தப்பு பண்ணிட்டேன், நான் தப்பு பண்ணிட்டேன்” என்று துள்ளிக் குதித்து ஓடி வந்தார்கள். மற்ற வகுப்புகளிலும் இந்த வியாதி பரவி, வரலாற்று சார் கரும்பலகையில் எழுதிய வருஷத்தை ஒரு பிள்ளை திருத்திவிட்டு “இப்ப எனக்கு என்ன தருவீங்க?” என்று கேட்டதாகவும், அவர் தந்ததாகவும் கேள்வி.

இந்த வேட்டையில் யாராலும் மிஞ்ச முடியாதவள் ஒருத்தி இருந்தாள். எந்த வாக்கியத்தையும் “ஆனா டீச்சர்” என்றுதான் தொடங்குவாள். அதனால் அவளுக்கு ‘ஆனா’ என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒற்றைச் சடை, மூக்கு நுனிக்கு இறங்கி வந்த கண்ணாடி. மற்ற ஆசிரியர்களுக்கு அவள் தலைவலி. விசில் டீச்சர் அவளைக் குழாயடித் திண்டில் உட்காரவைத்து, “நீ ஆட வேண்டாம். உட்கார்ந்து தப்பு பார்,” என்று அதையே ஒரு பதவியாக்கிவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடு என்று யாரும் சொல்லாத ஒரு இடம் கிடைத்ததில் அந்தப் பெண் கொஞ்சம் உயரமானது போலக்கூடத் தெரிந்தாள்.

அதிகாரி வருகிற நாளும் வந்தது. காலையில் தலைமையாசிரியை பரபரவென்று வந்தார்.

“மிஸ், அந்த விசிலைக் கழட்டிக் குடுங்க.”

“மேடம்?”

“காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பீ பீன்னு சத்தம். அதிகாரி வந்து இது பள்ளிக்கூடமா சந்தையான்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது? இன்னைக்கு ஒரு நாள் என் டிராயர்ல இருக்கட்டும்.”

டீச்சர் கழற்றிக் கொடுத்தார். கழுத்தே காணாமல் போனது போலிருந்தது. அந்தப் பதற்றத்தில் மைதானத்துக்கு வந்தவர், தினமும் எழுதுகிற அதே கட்டளையைத் தினமும் எழுதுகிற அதே இடத்தில் பெரிய எழுத்தில் எழுதினார். வரிசையாக மைதானத்தைச் சுற்றி நட. முன்னால் போகிறவர் உன்னைவிட உயரம் என்றால் அவரோடு இடம் மாறு. விசில் ஊதும் வரை செய்துகொண்டே இரு. குழாயை மூடுவது எப்போது என்று சொல்லியாயிற்று என்று மனசுக்குள் ஒரு திருப்தி வேறு.

அதிகாரி நெடுநெடுவென்று பனைமர உயரம். கழுத்தில் டை. எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் ஒரே டீ, ஒரே பிஸ்கட், ஒரே கைதட்டல் என்று சலித்துப்போய்ப் பாதிக் கண்ணை மூடியே வைத்திருக்கிற பழக்கம் அவருக்கு. வந்து நடு மைதானத்தில் நின்றார்.

“ஆனா டீச்சர்,” என்று திண்டிலிருந்து குரல் வந்தது, “அந்த சார் நடுவுல நின்னா வழியை மறைப்பாரே. அவரும் வரிசையில நிக்கட்டும்.”

தலைமையாசிரியைக்கு மூச்சு நின்றது. அதிகாரிக்கோ பாதிக் கண் முழுக் கண்ணாகத் திறந்தது. யாரும் அவரை எதிலும் சேர்த்துக்கொண்டு வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். “நிக்கறேனே,” என்றார்.

“சார், நீங்க முதல்ல நில்லுங்க சார்,” என்று தலைமையாசிரியை ஓடி வந்து அவரை வரிசைக்குத் தலையாக நிறுத்தினார். அந்த மரியாதை ஒரு நிமிஷம்தான் நிலைத்தது. வரிசை நகர ஆரம்பித்ததும் பின்னாலிருந்த பையன் முதுகைத் தட்டி, “சார், நீங்க என்னைவிட உயரம். இடம் மாறுங்க,” என்றான். மாறினார். அடுத்த பெண் தட்டினாள். மாறினார். அடுத்து இன்னொருத்தி. மேலதிகாரியை எல்லாரும் மாற்றி மாற்றிப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போவதைத் தலைமையாசிரியை கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வரிசை வாலில் அதிகாரியும், தலையில் பட்டாணி என்று கூப்பிடப்படுகிற பொடியனுமாக, குட்டை முதல் நெட்டை வரை அப்படி ஒரு அழகான ஒழுங்கு அமைந்துவிட்டது. யாரும் யாரையும் தள்ளவில்லை, டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை.

“பிரமாதம்!” என்றார் அதிகாரி வாலிலிருந்து. “தானாவே அடுக்கிக்கிச்சே! சரி, எப்ப நிக்கறது?”

விசில் டீச்சர் சிரித்துக்கொண்டே கையை மார்புக்குக் கொண்டுபோனார். கை வெறும் சேலையைத் தடவியது.

முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றும் போயிற்று. டீச்சர் கை தட்டினார். வரிசை நடந்தது. “போதும் கண்ணுங்களா!” என்றார். நடந்தது. தலைமையாசிரியை குறுக்கே போய் நின்று, “நில்லுங்க! நான் சொல்றேன், நில்லுங்க!” என்று அதட்டினார்.

“குட் மார்னிங் மேடம்,” என்று பட்டாணி பணிவாகச் சொல்லிவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு போனான். பின்னால் வந்த ஒவ்வொரு பிள்ளையும் குட் மார்னிங் சொன்னது. கடைசியாக வந்த அதிகாரியும் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

“பட்டாணி, நில்லுடா ராஜா,” என்று விசில் டீச்சர் கெஞ்சினார்.

“நீங்க சொன்னாலும் நிக்கக் கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?” என்றான் அவன் நடந்துகொண்டே. அவன் முகத்தில் டீச்சரே இப்படிப் பேசலாமா என்கிற வருத்தம்.

அதிகாரி நினைத்தால் விலகி நின்றிருக்கலாம். ஆனால் முழங்கால் உயரப் பொடிசுகள் எல்லாம் அசராமல் நடக்கும்போது தான் மட்டும் எப்படி நிற்பது? டை தோள் பக்கம் பறக்க, வேர்வை வழிய, இரைக்க இரைக்க நடந்தார். டீச்சருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. போயிற்று. எல்லாம் போயிற்று. நாளைக்கு இந்த மைதானத்தில் தனக்கு வேலை இல்லை.

அப்போதுதான் திண்டில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். தரையில் எழுதியிருந்ததை ஒரு தடவை வாசித்தாள். டீச்சரின் கழுத்தை ஒரு தடவை பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“ஆனா டீச்சர்! தப்பு கண்டுபிடிச்சிட்டேன்! விசில் ஊதும் வரைன்னு போட்டிருக்கீங்க. விசிலே இல்லையே! இது கம்ப்யூட்டர் தப்பு இல்ல டீச்சர். எழுதினவங்க தப்பு. உங்க தப்பு!”

மைதானம் முழுக்கக் கேட்டது. வாலில் போய்க்கொண்டிருந்த அதிகாரிக்கும் கேட்டது. அவர் திரும்பிப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணை வாயை மூடச் சொல்லுங்க,” என்று தலைமையாசிரியை காதோரம் பதறினார். “பசங்க சரியாப் புரிஞ்சுக்கலைன்னு சொல்லிடுங்க மிஸ். நானும் ஆமான்னு சொல்றேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், பழி பிள்ளைகள் மேல் போய்விடும், பிள்ளைகளை யார் வேலையை விட்டு அனுப்பப்போகிறார்கள்? டீச்சர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். கண்ணாடி மூக்கு நுனியில் தொங்க, கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், விசிலுக்கு. உலகத்திலேயே மிகப் பெரிய தப்பைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை முகமெல்லாம். அவளை எப்படிப் பொய்யாக்குவது?

“ஆமாடி கண்ணு,” என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. “தப்பு என்னுதுதான். பிள்ளைங்க மேல ஒரு தப்பும் இல்ல, சார். மேடம், விசில் வேணும்.”

தலைமையாசிரியை கைப்பையோடு அலுவலகத்துக்கு ஓடினார். அவர் ஓடி அந்தப் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. சாவிக்கொத்தும் விசிலுமாக மூச்சு வாங்கத் திரும்பி வந்தவர், நேரத்தை வீணாக்காமல் விசிலைத் தன் வாய்க்கே கொண்டுபோனார்.

“ஆனா மேடம்,” என்று ஒரு சின்னக் கை குறுக்கே வந்தது. “நீங்க ஊதக் கூடாது. தப்பைக் கண்டுபிடிச்சது நான்.”

தலைமையாசிரியை கொடுத்தார். வேறு என்ன செய்வார்? அந்தப் பெண் விசிலைக் குட்டியாக ஒரு தடவை ஊதினாள். வரிசை அப்படியே நின்றது. பட்டாணியின் ஒரு கால் அந்தரத்தில் நின்றது. அதிகாரி மட்டும் நிற்கவில்லை. நேராகக் குழாயடித் திண்டுக்குப் போய்த் தொப்பென்று உட்கார்ந்தார். முகத்தைக் கழுவினார். தண்ணீர் குடித்தார். விசில் டீச்சர் எதிரே கைகட்டி நின்றார்.

“நான் எத்தனையோ பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கேம்மா,” என்றார் அதிகாரி மூச்சு திரும்பியதும். “எங்கயும் தப்பே நடந்ததில்ல. ஒரு இடத்துல கூட இல்ல. எல்லாம் சரியா இருக்கும், எனக்குத் தூக்கம் வரும். இன்னைக்குத்தான் ஒரு தப்பு எப்படி நடக்குதுன்னும் பார்த்தேன், அதை எப்படிக் கண்டுபிடிக்கறாங்கன்னும் பார்த்தேன். கால்தான் போச்சு.” பிறகு தலைமையாசிரியை பக்கம் திரும்பினார். “அடுத்த வருஷமும் இவங்கதான் எடுக்கணும். அது இருக்கட்டும், கம்ப்யூட்டர் எங்க?”

“பத்திரமா இருக்கு சார். பூட்டி வச்சிருக்கேன்.”

“இவங்க யாராவது தொட்டிருக்காங்களா?”

தலைமையாசிரியை சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் சொன்னார்கள், ஒரே குரலில், “இல்லை சார்!”

அதிகாரி எழுந்து போய், ஜன்னல் வழியே தெரிந்த பூப்போட்ட உறைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, கூச்சத்தோடு, கண்ணாடிக்காரப் பெண்ணிடம் கையை நீட்டினார்.

“நானும் ஒரு தப்பு கண்டுபிடிச்சிட்டேன்,” என்றார். “அந்தப் பூட்டு.”

அவள் யோசித்தாள். சட்டம் சட்டம்தான். விசிலைக் குழாயில் கழுவிக் கொடுத்தாள். அந்த மனிதர் சின்ன வயதிலிருந்து எத்தனை விசில்களை ஏக்கத்தோடு பார்த்தாரோ தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, நீ…ளமாக ஊதினார்.

பள்ளிக்கூடத்தின் எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. எல்லா வகுப்பும் ஓவென்ற கூச்சலோடு மைதானத்துக்குப் பாய்ந்து வந்தது. கணக்கு வகுப்புதான் முதலில் வந்தது. கடைசியாகக் கையில் சுண்ணாம்புக் கட்டியோடு வரலாற்று சாரும் ஓடி வந்து, “எங்க தீ, எங்க தீ?” என்றார்.

“ஐயையோ, இவங்களை எப்படி நிறுத்தறது?” என்று அதிகாரி அலறினார்.

“ஆனா சார்,” என்று அந்தப் பெண் கையை நீட்டினாள், “இது உங்க தப்பு.”

அந்தக் கலவரத்தோடு கலவரமாகக் கம்ப்யூட்டர் அறை திறந்தது. தலைமையாசிரியை தன் கையாலேயே உறைகளை உருவினார், ஒவ்வொன்றையும் மடித்து மார்போடு அணைத்துக்கொண்டார். பிள்ளைகள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். ஆன் செய்வது எப்படி என்று டீச்சருக்கு இன்னும் தெரியாது. பட்டாணி மேசைக்கு அடியில் தவழ்ந்து போய் எதையோ அழுத்தினான், விளக்கு எரிந்தது. முதல் கட்டளை எழுத உட்கார்ந்தவர்கள் எழுதுவதற்கு முன்னால் ஒருவரையொருவர் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, “எப்ப நிறுத்தறது?” என்பதுதான். வாசல்படியில் நின்று அதைக் கேட்ட விசில் டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

சாயங்காலம் வழக்கம்போல வீட்டுக்காரரின் பஸ் பள்ளிக்கூட நிறுத்தத்தில் நின்றது. கண்டக்டர் இறங்கி எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் ஏறி டிரைவர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் கண்ணாடியில் பார்த்தார். காலையிலிருந்து அவருக்கும் வண்டி வண்டியாக இல்லை.

“என்னம்மா ஆச்சு? இருக்கச் சொன்னாங்களா, போகச் சொன்னாங்களா?”

டீச்சர் வாயைத் திறந்தார். சந்தோஷத்தில் வார்த்தையை முந்திக்கொண்டு கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. விசில் அதன் இடத்தில் இருந்தது. எடுத்தார், ஊதினார், ஒன்றுக்கு இரண்டாக.

பஸ் கிளம்பிவிட்டது. டீ கிளாசும் கையுமாகக் கண்டக்டர் பின்னால் ஓடி வருகிறார், உள்ளே பயணிகள் கத்துகிறார்கள், வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் வேகத்தைக் கூட்டுகிறார்.

“ரெண்டு விசில் கேட்டுச்சே! யாரு ஊதினது?”

“நான்தாங்க,” என்றார் டீச்சர், சிரிப்பும் அழுகையுமாக. “என் தப்புதான்.”

பிறகு குட்டியாக ஒன்று ஊதினார். பஸ் நின்றது.